கலைடாஸ்கோப்புக்குள் என் காப்பு

இஞ்சேருங்கோ,

நீங்கள் எழும்ப முதல் நான் வேலைக்குப் போய்விடுவேன். அதனால் இதை உங்கள் சாப்பாட்டுப் பெட்டிக்குமேல் வைக்கிறேன்.

"கலைடாஸ்கோப் எண்டா கிரேக்கச் சொல்லாம். அழகு, உருவம், பார்க்கிறது, மூண்டும் சேர்ந்ததாம். ரீச்சர் சொன்னவ" என்று ஞாயிற்றுக்கிழமை சோறு ஆறும்வரை கதைத்தீர்கள். பிரெஞ்சு வகுப்பு தொடங்கியதிலிருந்து இந்த வீட்டில் ரீச்சரின் பேச்சுத்தான். சுவிஸில் இந்த லோசானுக்கு வந்து பதினொரு வருசம். எனக்கு ஒரு சொல்லுக்கும் நீங்கள் அர்த்தம் சொன்னதில்லை.

வகுப்பு முடிகிறது என்று அவவுக்குப் பரிசாக நீங்களே செய்த கலைடாஸ்கோப் குழாயை நேற்றுத் திறந்து பார்த்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

மூன்று கண்ணாடிகளுக்கும் அடியில் சிவப்புத் துண்டுகள். கோயில் தேரன்று நீங்கள் வாங்கித் தந்து, சட்டி கழுவும்போது உடைந்த என் கண்ணாடிக் காப்புகள். "போத்தல் தொட்டியில போட்டுவிடுறன்" என்று சொல்லித்தானே கொண்டுபோனீர்கள்.

குழாயைத் திரும்ப ஒட்டிவிட்டேன். கொண்டுபோய்க் கொடுங்கள். ரீச்சர் அழகு என்று பார்க்கப்போவது என் கையில் உடைந்ததைத்தான். அதற்குக் கிரேக்கத்தில் என்ன சொல் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

காப்பில்லாத கையோடு,
உங்கள் மனைவி