ஏழாம் பாடம்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். நீங்களும் தங்கச்சியும் நலம் என்று உங்கள் ஊர் பஸ் டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். பதினான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இருந்தால் அதுவே பெரிய விஷயம்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எங்கள் தண்ணீர் நிலையத்தில் ஆள் இல்லை. பதினெட்டு ஆபரேட்டர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து பேர், அதிலும் இருவருக்கு அடுத்த வருடம் ஓய்வு. சூப்பரண்டெண்ட் என்று பலகை மாட்டிக்கொண்டு நானே பம்புக்குக் கிரீஸ் பூசுகிறேன். புதுக் குடியிருப்புகளுக்கு நான்கு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் போகிறது. பள்ளிக்கூடம் ஒன்றைக் கட்டி முடித்துவிட்டுத் தண்ணீர் இல்லாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். வேலைக்கு வருகிற பிள்ளைகள் வால்வு என்ற ஒன்றையே இங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

உங்கள் நிலையம் சின்னது. ஆனால் ஆட்களைப் பழக்குவதில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்களிடம் பெரிய இயந்திரங்கள் இருக்கின்றன, சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. ஒருவர் ஆளை ஒருவர் இழுத்துக்கொண்டிருக்காமல், சேர்ந்து ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினால் என்ன? முப்பது பேர். பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு.

தங்கச்சியை ஒரு முறையாவது இந்தப் பக்கம் அனுப்பி வையுங்கள். அவளுடைய தையல் மெஷினுக்கு மாதம் தவறாமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் மச்சான்


மார்ச் 15

மச்சானுக்கு,

கிழிக்கவில்லை. மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை சிரிப்பே வந்துவிட்டது. ஒரே டிபன் பாக்ஸில் கை விட்டுச் சாப்பிட்ட காலத்தில் நான் உனக்கு வெறும் "டேய்". இப்போது "நீங்கள்" ஆகிவிட்டேன். ஆள் பஞ்சம் மனிதனுக்கு என்னென்ன மரியாதையெல்லாம் கற்றுக்கொடுக்கிறது!

நம் நிலையத்து வழக்கம் நினைவிருக்கிறதா? ஷிப்ட் முடித்துப் போகிறவன் சோதனைக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடிக்க வேண்டும். அதன் பிறகுதான் பதிவேட்டில் "குடித்தேன், சரி" என்று எழுதலாம். குளோரின் நின்றுபோயிருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அன்று உன் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்தது. குளோரின் ஒரு மணிக்கே நின்றுவிட்டது. நீ குடிக்காமலேயே எழுதிவிட்டு சைக்கிளை எடுத்தாய். நான் வந்து பார்த்தபோது டம்ளர் காய்ந்து கிடந்தது.

இருநூறு பேர் வாந்தியும் பேதியுமாகப் படுத்தார்கள். விசாரணையில் நீ, "குடிச்சேன் சார், நல்லாத்தான் இருந்துச்சு" என்றாய். அந்த ஒரு வரியில் பழி என் ஷிப்ட் தலையில் வந்து விழுந்தது. வேலை போனது. தெருவில் பிள்ளைகள் என்னை "விஷத்தண்ணி" என்று கூப்பிட்டார்கள். உன் தங்கை என்னை நம்பினாள். உன் வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். அந்தச் சொல்லை இன்றுவரை காப்பாற்றுகிறாள். இந்த ஊர் நிலையத்தில் கூலியாளாகத் தொடங்கித்தான் மறுபடி இந்த இடத்துக்கு வந்தேன்.

பயிற்சிப் பள்ளிக்குச் சம்மதம். தாகம் உனக்கு இல்லை, ஊருக்கு. பாடப் புத்தகத்தை மட்டும் நான்தான் எழுதுவேன்.

உன் தங்கை கணவன்


மார்ச் 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் எழுதியதை எல்லாம் தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். அன்று நான் அந்த டம்ளரைத் தொடவில்லை. பதினான்கு வருடத்தில் இதை எழுத்தில் வைப்பது இதுதான் முதல் முறை.

புத்தகத்தை நீங்களே எழுதுங்கள். தங்கச்சியைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மறந்திருப்பீர்கள்.

மச்சான்


மே 10

மச்சானுக்கு,

மறக்கவில்லை. பதில் சொல்ல மனம் வரவில்லை.

புத்தகம் முடிந்தது. பன்னிரண்டு பாடம், அறுபத்திரண்டு பக்கம். அச்சுக்குப் போகுமுன் இரண்டு நிலையத்துப் பொறுப்பாளர்களும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. என்னுடையதைப் போட்டுவிட்டேன். உனக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும், ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருக்காதே. பார்க்காமல் கையெழுத்துப் போடுவது உனக்குப் புதிதா என்ன?

தட்டச்சு உன் தங்கைதான். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லவில்லை.

உன் தங்கை கணவன்


மே 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அறுபத்திரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஓரிரு இடத்தில் பென்சிலால் திருத்தியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. பிள்ளைகள் முப்பது பேரும் சேர்ந்துவிட்டார்கள், அதில் பதினொரு பேர் பெண்கள். முதல் பத்து நாளில் ஆறு பாடம் முடித்துவிடலாம் என்று வாத்தியார் சொல்கிறார்.

மச்சான்


ஜூன் 16

மச்சானுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இன்று காலை பத்து மணிக்கு உன் நிலையத்தில், நீ வெள்ளை அடித்த அறையில், ஏழாம் பாடம். அச்சகத்திலிருந்து புத்தகக் கட்டு நேராக உனக்கே வந்திருக்கும். கட்டை அவிழ்த்துக் கொடுத்தவனும் நீயாகத்தான் இருப்பாய். அதை நினைத்தால் எனக்கு இன்று காலைச் சாப்பாடுகூட வேண்டியிருக்கவில்லை.

ஏழாம் பாடத்தின் தலைப்பு "குடிக்காத டம்ளர்". அந்த நாள், அந்த மணி, "குடித்தேன், சரி" என்ற உன் எழுத்து, விசாரணையில் நீ சொன்ன பொய், எல்லாமே அதில் இருக்கிறது. கடைசி வரி: "அன்று கையெழுத்திட்டவர் இன்று இந்த நிலையத்தின் சூப்பரண்டெண்ட்." மறுக்க முடியாது. பக்கத்தின் அடியில் உன் கையெழுத்து இருக்கிறது. அன்று குடிக்காமல் பதிவேட்டில் போட்ட அதே கையால் இதற்கும் படிக்காமல் போட்டிருக்கிறாய்.

முப்பது பிள்ளைகள் உரக்கப் படிப்பார்கள். அடுத்த வருடம் இன்னொரு முப்பது. ஆள் பஞ்சம் தீரும்வரை, தீர்ந்த பிறகும் படிப்பார்கள். எனக்கு ஊர் வைத்த பெயர் பதினான்கு வருடம் ஒட்டிக்கொண்டிருந்தது. உன்னுடையது அதைவிட நாள் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. உன் மேல் எனக்கு இருந்த கோபம் இன்று காலை தீர்ந்தது என்று சொல்ல நினைத்தேன். தீரவில்லை. ஆனால் சுகமாக இருக்கிறது.

பயிற்சியை நிறுத்த மாட்டேன். ஊருக்குத் தண்ணீர் வரும். நீ அதைக் குடிக்கும்போதெல்லாம் என்னை நினைத்துக்கொள்.

விஷத்தண்ணி


ஜூன் 20

டேய்,

"நீங்கள்" எல்லாம் இனி வேண்டாம். எனக்கும் வாய் வலிக்கிறது.

ஏழாம் பாடத்தைக் கையெழுத்துப் போடும் முன் மூன்று முறை படித்தேன். அதில் என்னைப் பற்றி எழுதியது எல்லாம் உண்மை. ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. பயந்துபோய் விசாரணையில் பொய் சொன்னேன், உன் வேலையைத் தின்றேன். அந்தக் கல்லை நீ என் மேல் எறிவது நியாயம்.

ஆனால் பாதியைத்தான் எழுதியிருந்தாய். மீதியை நான் பென்சிலால் ஓரத்தில் எழுதினேன். திரும்பி வந்ததும் பார்த்திருப்பாய் என்று நினைத்தேன். நீ பார்க்கவே இல்லை என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. படிக்காமல் விடுவது எனக்குத்தான் வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

அச்சாகியிருப்பது இது: "ஷிப்ட் ஏற்க வேண்டியவர் இரண்டு மணிக்கு வரவில்லை. தன் பெயரிலும் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டுச் சினிமாவுக்குப் போயிருந்தார். முந்தையவர் இருவர் கையெழுத்தையும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். ஏற்க வேண்டியவர் வந்தது ஐந்து மணிக்கு."

மேட்னி ஷோ நல்லா இருக்கும்டா, ஒரு அரை மணி நேரம் நிலையத்தைப் பார்த்துக்கோ என்றாய். உன் கையெழுத்தை உன்னைவிட நான் நன்றாகப் போடுவேன் என்று வேறு சிரித்தாய். டம்ளர் காய்ந்து கிடந்தது என்று எழுதியிருக்கிறாய். ஐந்து மணிக்கு எந்த டம்ளரும் காய்ந்துதான் கிடக்கும். நான் வாய் திறந்தால் கள்ளக் கையெழுத்துக்கு நானும் மாட்டுவேன், நீ திறந்தால் சினிமாவுக்கு நீ மாட்டுவாய். இரண்டு பேரும் மூடிக்கொண்டோம். தங்கச்சியிடம் மட்டும் நீ வாயைத் திறந்தாய். சரியாக இரண்டு மணிக்கு உள்ளே நுழைந்ததாகச் சொன்னாய். அவள் என் முகத்தில் முழிக்காமல் போனது அதனால்தான். பதினான்கு வருடமாக எனக்கு உன் மேல் இருந்த ஆத்திரமும் அது ஒன்றுதான்.

வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "அப்போ மூணு மணி நேரம் நிலையத்துல யாருமே இல்லையா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த இரண்டு பேர் யார் என்றும் சொன்னேன். வகுப்பு முடிந்ததும் முப்பது பேரும் வரிசையில் நின்று சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தார்கள். நான் குடிக்கச் சொல்லவில்லை.

எட்டாம் பாடம் நீ வந்து எடுப்பதாகப் பேச்சு. வா. உனக்காகவும் ஒரு டம்ளர் வைத்திருக்கிறேன்.

பென்சில் வரிகளை அச்சுக்குத் தட்டச்சு செய்தது யார் என்று கேட்காதே. ஒரு வரி விடாமல், ஒரு பிழை இல்லாமல் செய்திருக்கிறாள். உன்னிடம் இன்னும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். எனக்கு நேற்று கடிதம் வந்தது. எத்தனை நாள் இருப்பாள் என்று எழுதவில்லை. மொத்தம் இரண்டே வரி.

"அண்ணா, வெள்ளிக்கிழமை வருகிறேன். தையல் மெஷின் ஓடுமா?"

ஓடும் என்று எழுதிவிட்டேன்.

உன் மச்சான்