பத்து மீட்டர் உயரத்தில் கேட்ட சத்தம்

மகளுக்கு,

தண்ணீர் அறைந்த இடம் முதுகில் இன்னும் சிவந்திருப்பதாக அம்மா சொன்னாள். நீ என்னிடம் சொல்லவில்லை. சொல்வாய் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

நேற்று நான் நீச்சல் குளத்துக்கு வந்தது வேவு பார்க்க அல்ல. ஒன்பது வருடம் உன்னைப் பழக்கியவன் கடைசி வரிசையில் உட்கார யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? தண்ணீரில் பாயும் பத்து மீட்டர் மேடையின் விளிம்பில் கைகளை ஊன்றித் தலைகீழாக நின்றாய். கால்கள் நேராகத்தான் இருந்தன. இடது முழங்கை லேசாக மடங்கியது. என் நாக்கு வழக்கம்போல் உச்சுக் கொட்டியது. அவ்வளவு உயரத்தில் அது கேட்கும் என்று யார் கண்டது?

முதுகு தண்ணீரில் அறைய விழுந்த நீ கரையேறுவதற்குள் உன் புதிய பயிற்சியாளரம்மா என் முன்னால் வந்து நின்றாள்.

“மேல நின்னு மூச்சை எண்ணுறது என்ன வித்தைன்னு கேலி பண்ணீங்களாமே, சார். உங்க சத்தத்தை மறக்கத்தான் எண்ணுறா. மூணு மாசமா.”

உன்னை என்னிடமிருந்து பிரித்தவள் அவள். அந்தக் கோபம் ஆறவில்லை.

“நாளைக்காவது வாயை மூடிட்டு உக்காருவீங்களா?” என்று அம்மா கேட்டாள். உட்காருவேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அந்தச் சத்தம் என்னைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

நாளை உன்னைத் தேசிய அணிக்கு எடுப்பார்களா என்பது தெரிந்துவிடும். மேலே நின்று கூட்டத்தில் என்னைத் தேடாதே. அப்பாவுக்கு அலுவலகத்தில் அவசர வேலை என்று அம்மா சொல்வாள். நம்பிக்கொள். நாளை ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்கும் தெரியும்.

அப்பா