விமலாவின் முதுகும் நான் வாங்கிவந்த கிறீமும்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

நாங்கள் இருக்கும் லிட்கமில் இன்று வெயில் முப்பத்தெட்டுப் பாகை. என் மனைவி விமலாவின் இடுப்பில் நவம்பரில் நாணயம் அளவாக இருந்த வட்டம் முதுகு முழுவதும் பரவிவிட்டது. சிவப்பும் அரிப்பும் பெரிதாக இல்லை. அதனால்தான் இவ்வளவு நாள் விட்டுவிட்டோம். குடும்ப வைத்தியர் சிறு துண்டுத் தோலை வெட்டி எடுத்தார். தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோய்கூட இப்படித் தொடங்கலாம் என்றார். ஏதாவது மருந்து பாவிக்கிறீர்களா? பிரஷர் குளிசை மட்டும் என்றாள் விமலா. நானும் தலையாட்டினேன்.

காரில், "மெல்பேர்னில தர்ஷனாவுக்கு ஒண்டும் சொல்லாதைங்கோ, பிள்ளை பயப்படும்" என்றாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள்.

பெப்ரவரி 9, வெள்ளி

முடிவு வரவில்லை. சலவை இயந்திரத்தை எப்படிப் போடுவது என்று விமலா எனக்குக் காட்டித் தந்தாள். "பழகி வையுங்கோ" என்றாள்.

பெப்ரவரி 13, செவ்வாய்

தோல் நிபுணர் கிரிஜா மதுரைக்காரர். முதல் அறிக்கை தெளிவில்லையாம். முதுகை நெடுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, ஊர்லருந்து கொண்டுவந்த க்ரீம் ஏதாச்சும் போடுறீங்களா?"

"அது மருந்தில்லையே டொக்டர். எங்கட வீட்டில எல்லாத்துக்கும் அதைத்தான் பூசுறது."

"கெட்டுது போங்க!"

வாங்கிவந்தது நான்தான். போன வருடம் சென்னையில், மருந்துச் சீட்டு இல்லாமல், ஒரு பை நிறைய. முப்பத்தாறு வருடம் நிருபராக இருந்தவன். இரண்டு பேரிடம் கேட்காமல் ஒரு வரி எழுதியதில்லை. கிறீம் ரியூப்பில் இருந்த நாலு வரியை வாசிக்கவில்லை. அதில் ஸ்டீரொய்ட்.

இது பங்கசாக, அதாவது பூஞ்சையாக, இருக்கலாமாம். கிரிஜா விளக்கியதைப் பழக்கதோஷத்தில் குறித்துக்கொண்டேன். தோலின் மேற்படையில் கிளை பரப்பியபடி காவற்கலங்கள், அவர் சொல்லில் காவல் செல்கள், இருக்கின்றன. பங்கசின் சுவரில் நம் உடம்பில் இல்லாத ஒருவகைச் சர்க்கரை உண்டு. அதைத் தொட்டே அந்நியன் என்று அவை கண்டுபிடிக்கும். பிறகு மற்றக் கலங்களுக்குச் செய்தி போகும். வெண்குருதிக் கலங்கள் வந்து சேரும். நாம் காணும் சிவப்பும் அரிப்பும் அந்தச் சண்டையால் வருபவை. ஸ்டீரொய்ட் சண்டையை அடக்கிவிட்டால் சிவப்புப் போகும், பங்கசு போகாது.

"ஆனா பூஞ்சைதான்னு நான் இன்னும் சொல்லல சார். அதே துண்டுக்கு வேற சாயம் போட்டுப் பாக்கச் சொல்றேன். க்ரீமை இன்னைக்கே நிறுத்துங்க."

பெப்ரவரி 15, வியாழன்

காலை 11.20. தொலைபேசியில் கிரிஜா. சாயம் ஏறிய பங்கசு இழைகள் தெளிவாகத் தெரிகின்றனவாம். புற்றுநோய் இல்லை. பங்கசுக்குக் குளிசை எழுதித் தந்தார். இரண்டு தரம் கேட்டு உறுதிசெய்தேன்.

விமலா குசினிக் கதிரையில் அமர்ந்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "ஒரு பை நிறைய வாங்கினவரைப் பாருங்கோ" என்றாள்.

பெப்ரவரி 18, ஞாயிறு

முதுகு நெருப்பு மாதிரிச் சிவந்து போச்சு. அரிப்புக் கடி தாங்கேலாமல் விமலா கத்துறா. "அதை ஒருக்காப் பூசி விடுங்கோப்பா, கும்பிட்டன்!" ரியூப்பைக் கையில எடுத்திட்டன் — டொக்டர் பிழை விட்டிருந்தா? கிரிஜாவுக்குப் போன் அடித்தேன்.

"பயப்படாதீங்க சார். இத்தன மாசம் அடங்கிக் கெடந்த செல்லெல்லாம் இப்பத்தான் வேலைக்கு வந்திருக்கு. மாத்திரைய விடாதீங்க, ஈரத்துணி போடுங்க."

ஈரத் துவாய் போட்டேன். மிச்ச ரியூப்களைக் கத்தரித்துக் குப்பையில் எறிந்தேன்.

பெப்ரவரி 19, திங்கள்

நான் ஒரு ரியூப் கொடுத்திருந்த நண்பர் பாலகிருஷ்ணனுக்குத் தொலைபேசி எடுத்துத் திருத்தம் சொன்னேன்.

"அட கோதாரி! நீர் எழுதின செய்தியளும் இப்பிடித்தானோ ஓய்?"

மார்ச் 2, சனி

சிவப்பு ஓரங்களில் இருந்து வற்றுகிறது.

மார்ச் 26, செவ்வாய்

கிரிஜா தோலைச் சுரண்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மண்ணிறத் தடம் மட்டும், அதுவும் மங்குமாம். தர்ஷனாவுக்கு எல்லாம் சொன்னோம். "சீரியஸ்லி, அப்பா?" என்று தொடங்கி ஆங்கிலத்தில் நன்றாக ஏசினாள்.

மார்ச் 28, வியாழன்

ஏழு வாரத்துக்குப் பிறகு விமலா முதியோர் இல்லத்துக்குக் காலை வேலைக்குப் போனாள். "போட்டு வாறன்" என்றாள். கார் வெளிக்கிடும் சத்தம் கேட்டது. திரும்பிப் படுத்து எட்டரை மணிவரை நித்திரை கொண்டேன்.