ஒட்டிய பிறகுதான் விலாசம்

நீடாமங்கலம் பக்கம்
தை மாதம், 1992

அன்பு மகள் செவ்வந்திக்கு, உன் அப்பா வீரையன் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. நான் நலம், நீயும் அந்தக் குளிரில் நலமாக இருக்க வேண்டும். நலம் என்று நான் போட்டதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. அறிவொளி வகுப்பில் என்னோடு படிக்கும் பக்கத்து வீட்டுக் காளியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா மாமா, வரப்பு போடச் சொன்னா வாய்க்கா வெட்டி வச்சிருக்கீங்க" என்கிறாள். சொல்லட்டும். காலையில் எழுந்ததும் ரோட்டுக்குப் போய், வருகிற பஸ்ஸில் எல்லாம் ஊர்ப் பெயர் படிக்கிறேன். ஏறுவதில்லை, படிப்பதற்குத்தான் போகிறேன்.

உன் கடிதத்தை முதல் தடவையாக நானே படித்தேன். எனக்காகப் பெரிய எழுத்தாக எழுதியிருந்தாய். ஜெர்மனிக்குப் பிழைக்க வந்த துருக்கிக் குடும்பங்களிடம் ஆராய்ச்சிக்காகக் கேள்வி கேட்கப் போவதையும், சர்க்கார் உதவி வாங்குகிறீர்களா என்றால் எல்லோரும் இல்லை என்பதையும் படித்தேன். ஒரு வீட்டுப் பெரியவர், அவர் பேச்சை மொழிபெயர்த்துச் சொன்ன மகன் பக்கத்தில் இருந்தவரை ஒரு குறையும் இல்லை என்றவர், மகன் டீ போட எழுந்து போனதும் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் அன்றைக்குப் படிக்க முடியவில்லை.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் கூலித் தகராறில் குடிசையை இழந்து நாம் இந்த ஊருக்கு வந்தபோது நீ கைக்குழந்தை. இன்னமும் இங்கே எனக்குப் பெயர் கிழக்கத்தியான். உன்னை அரசாங்க ஹாஸ்டலில் சேர்த்தபோது, "ஓசிச் சோத்துல படிச்சு கலெக்டராவா ஆவப்போவுது" என்றார்கள். அந்தப் பேச்சுக்கு அஞ்சி உன் அம்மா, நீ சித்தி வீட்டில் இருந்து படிப்பதாகவே எல்லோரிடமும் சொல்லி வந்தாள். அந்தச் சோறு இல்லாவிட்டால் உனக்குப் படிப்பு ஏது, ஜெர்மனி ஏது.

இதுவரை என் கடிதங்களை டீக்கடை இராஜாங்கம்தான் எழுதினான், உன் கடிதங்களையும் அவன்தான் படித்துச் சொன்னான். கடையே காது கொடுத்திருக்க, "அண்ணே, என்னா போடட்டும்?" என்பான். அத்தனை பேர் முன்னால் என்ன சொல்வது. சௌக்கியம், ஒரு குறையும் இல்லை என்பேன். இன்னும் இரண்டு வருஷம் இருக்கட்டுமா என்று நீ கேட்டதற்கும் அப்படித்தான் பதில் போனது. அதில் படிப்பை முடித்துவிட்டு வா என்றது மட்டும் என் சொல். மற்றதெல்லாம் கடைக்காகச் சொன்னது. உன் அம்மா போன பிறகு வீட்டில் பேச்சே இல்லை, செவ்வந்தி. அறுப்பு முடிந்து கதவைத் திறந்தால், வயலில் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கும். வகுப்பு இல்லாத நாளில் பாடப் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படிக்கிறேன், வீட்டில் ஒரு குரல் கேட்கட்டும் என்று.

இதற்காக ஓடி வந்துவிடாதே. நடுவில் ஒரு அறுப்புக்கு வந்து போ, போதும்.

உன் அம்மா இருந்து சொல்ல வேண்டியதையும் சேர்த்து நானே ஆசீர்வாதம் சொல்கிறேன், நோய்நொடி இல்லாமல் இரு. வெளியே போகும்போது தலையை மூடிக்கொள். விலாசம் இங்கிலீஷில் இருப்பதால் அதை மட்டும் இராஜாங்கம்தான் எழுத வேண்டும். வெளிநாட்டுத் தபாலுக்கான இந்த நீலத்தாளை மடித்து ஒட்டிய பிறகுதான் அவன் கையில் கொடுப்பேன். உன் கடிதமும் இனிமேல் கடைக்குப் போகாது. நீயும் எப்போதும் நலம் என்றே எழுதுகிறாய். அங்கே சாப்பிட உட்காரும்போது உன்னோடு யார் உட்காருகிறார்கள் என்று எழுது. பெரிய எழுத்தாக எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
வீரையன்