மலை ரயில் நின்ன காரணம்

பருத்திப்பட்டு, ஆவடி
16.11.2025, ஞாயிறு

அன்பு மகள் கனிமொழிக்கு,

அப்பா எழுதறேன். உறைமேல என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழிச்சுப் போடத் தோணியிருக்கும், தோணினா தப்பே இல்ல, ஆனா கிழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுடு தாயே. இங்க எனக்கும் அம்மாவுக்கும் உடம்புல குறைச்சல் ஒண்ணும் இல்ல. நீ சாப்பிடறியா, தூங்கறியா, அந்த ஜெர்மனி குளிர்ல அறைக்குள்ளயே தனியா உட்கார்ந்துகினு இருக்கியா, ஒண்ணும் தெரியாம இருக்கறதுதான் எங்களுக்கு நோவு. அம்மாவுக்காவது ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நல்லா இருக்கேன்னு வாட்ஸ்அப்ல ஒரு வரி வருது. எனக்கு அதுவும் கிடையாது. நீ என் நம்பரை பிளாக் பண்ணி இன்னியோட நாப்பத்தொரு நாள் ஆகுது. அதனாலதான் பேப்பரும் பேனாவும் எடுத்துகினு உட்கார்ந்தேன், நாளைக்குக் காலையில ஆவடி போஸ்ட் ஆபீஸ் திறந்ததும் ஸ்பீடு போஸ்ட்ல போட்டுடுவேன்.

நீ கடைசியா அனுப்பின செய்தி இன்னும் என் போன்லயே இருக்கு. கம்பெனியில விசாரணை வெச்சிருக்காங்க, முடிவு தெரியற வரைக்கும் வேலைக்கு வரவேணாம்னு சொல்லிட்டாங்க, நீங்க இனிமே எங்கயும் எதையும் எழுதாதீங்க, எனக்கும் சேர்த்துத்தான்னு எழுதியிருந்தே. பொறந்ததுலேர்ந்து என்னை வா போன்னு கூப்பிட்டவ நீ. ஆபீஸ்ல எத்தனையோ அதிகாரி என்னை வாடா போடான்னு பேசியிருக்கான், அதெல்லாம் எனக்கு ஒரு மயிரளவும் உறைச்சது கிடையாது. உன்னோட அந்த நீங்க இருக்கே, அது உறைச்சுது கனி.

நான் செஞ்சது தப்பு. சுத்தி வளைக்காம சொல்றேன், தப்பு, பெரிய தப்பு. ஆனா அது எப்படி நடந்துச்சுன்னு உனக்கு முழுசாத் தெரியாது, அதை நான்தான் சொல்லணும். நீ பொம்மைக் கம்பெனியில டிசைனரா சேர்ந்து அந்த மலை ரயில் வரிசையில முதல் பெட்டியை அனுப்பினப்போ, நான் ரிடையர் ஆகி ரெண்டு மாசம். நானும் அம்மாவும் ஹால்ல பாய் விரிச்சு, பெட்டிக்குள்ள இருந்த பிளாஸ்டிக் துண்டையெல்லாம் ஒண்ணொண்ணாப் பொருத்தி மூணு நாள்ல ரயிலைக் கட்டினோம். கையேட்டோட கடைசிப் பக்கத்துல உன் போட்டோ, கீழே கனிமொழி கஜபதின்னு பேரு. என் பேரு ஒரு அச்சடிச்ச புக்குல வந்தது அதுதான் முதல் தடவை. அதைத் தூக்கிக்கினு நான் ரேஷன் கடை வரைக்கும் போயிருக்கேன். அப்புறம் உன் பெட்டியை வாங்கிக் கட்டறவங்க எல்லாம் சேர்ந்து இன்டர்நெட்ல ஒரு ரசிகர் மன்றம் வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சு, அதுல சேர்ந்தேன். உன்கிட்ட சொல்லல, வெட்கமா இருந்துச்சு. அவங்க எழுதறதைப் போனே தமிழ்ல மாத்திக் கொடுத்துடும். நாலு வருஷமா தினமும் காலையில காபியும் அதுவும்தான். ஊர் பேர் தெரியாத ஆளெல்லாம் என் பொண்ணு செஞ்ச ரயில்வே கேட்டை, அந்த கேட் கீப்பர் பொம்மை கையில இருக்கற சின்னக் கொடியைப் புகழ்ந்து எழுதுவான். அந்த கேட்டு நம்ம ஆவடி கேட்டுன்னு எனக்கு மட்டும்தானே தெரியும். நான் ஒரு வார்த்தை எழுதினது இல்ல. சத்தியமா படிக்க மட்டும்தான் செஞ்சேன்.

செப்டம்பர்ல உங்க கம்பெனி மலை ரயில் இனிமே வராது, பதினோராவது பெட்டியோட முடிஞ்சதுன்னு அறிவிச்சாங்க பாரு, மன்றத்துக்கு முன்னாடி எழவு விழுந்த வீடு தோத்துச்சு. ஏன் நிறுத்தினாங்கன்னு ஆளாளுக்கு ஒரு காரணம். பிரேசில்காரர் ஒருத்தர் விலைதான் காரணம், மூணாவது பெட்டியிலேர்ந்தே எங்க கைக்கு எட்டலன்னாரு. ஜப்பான்காரர் ஒருத்தர் அறுபது வரிசையோட ஜாதகத்தையே கட்டம் போட்டு வெச்சிருக்காரு, எந்த வரிசையும் நாலு வருஷம் தாண்டாது, இதுல அழுது என்ன பிரயோஜனம்னாரு. ரயில்னா தண்டவாளம் வேணும், தண்டவாளம்னா இடம் வேணும், இப்ப எவன் வீட்ல இடம் இருக்குன்னு ஒரு அம்மா கேட்டாங்க. சினிமாப் பேரு போட்ட பெட்டி வந்து கடையில எல்லாத் தட்டையும் பிடிச்சுக்கிச்சுன்னு ஒரு கோஷ்டி. குழந்தைங்க எங்க வாங்குது, வாங்கறது பூரா நம்மளை மாதிரி சொட்டைத் தலைங்கதான், அப்புறம் எப்படி ஓடும்னு இன்னொருத்தர். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. ஒரு பொம்மை ரயில் நின்னதுக்கு இத்தனை பேர் சண்டை போடறானே, எங்க ஃபேக்டரியில ஒரு செக்‌ஷனையே இழுத்து மூடினப்போ கேட்ல கூட்டம் போட்டா நாப்பது பேர் தேறலையேன்னு நினைச்சேன்.

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். நீ சொன்னே. போன மே மாசம் லீவுல வந்தப்போ உடைஞ்ச கீல் ஒண்ணை பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொண்டாந்து என் உள்ளங்கையில வெச்சே. மலைப்பாலம் மடங்கற இடத்துல வர்ற கீல், குளிர் ஊர்ல மட்டும் வெடிக்குது, ஏன்ப்பான்னு கேட்டே. நான் கண்ணாடியைப் போட்டுக்கினு ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, உள்மூலை கூரா இருக்கு, அதைக் கொஞ்சம் உருட்டி விடணும், இல்லன்னா அங்கதான் விரிசல் விடும்னு சொன்னேன். நீ அப்படியே நோட்டுல வரைஞ்சுக்கினே. முப்பத்தி நாலு வருஷம் டூல் ரூம்ல இரும்போட மல்லுக்கட்டினவனை, அத்தனை பெரிய கம்பெனியில இருக்கற என் பொண்ணு சந்தேகம் கேட்டா. அதுக்கப்புறம் செப்டம்பர்ல நீ போன்ல அழுதுக்கினே சொன்னே, அப்பா, கீல் வார்க்கற அச்சை மாத்தச் செலவு பண்ண மாட்டேன்றாங்க, அதுக்கு வரிசையையே மூடிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க, இது உனக்கு மட்டும்தான், அம்மாவுக்குக்கூட வேணாம்னு. சரிம்மான்னு சொன்னேன். சொல்லிட்டு, பாவி, ரெண்டே வாரத்துல காத்துல விட்டுட்டேன்.

என்ன நடந்துச்சுன்னா, மன்றத்துல ஒருத்தன் கையேட்டுலேர்ந்து உன் போட்டோவை வெட்டிப் போட்டு, காரணம் இவதான், அஞ்சாவது பெட்டியோட இவகிட்ட சரக்கு தீர்ந்துபோச்சு, பனிமலையையே பார்க்காத ஊர்லேர்ந்து வந்தவளுக்கு மலை ரயில் எப்படித் தெரியும்னு எழுதினான். அதுக்குக் கீழே இருநூத்திப் பதினெட்டு பேர் ஆமாம் ஆமாம்னு கையைத் தூக்கியிருந்தான். எனக்கு ரத்தம் மண்டைக்கு ஏறிடுச்சு. கை சும்மா இருக்கல. நாலே வரி எழுதினேன் கனி. தப்பு டிசைன் பண்ணவ மேல இல்ல, கீல் வெடிக்குது, அச்சை மாத்த மனசில்லாம கம்பெனி மூடுது, தெரியாம பேசாதேன்னு. உனக்கு எப்படிய்யா தெரியும்னு அவன் கேட்டான். யூனியன்காரன் புத்தி, கேட்டா பேர் சொல்லாம இருக்கக் கூடாதுன்னு பழக்கம், நான் அவளைப் பெத்த அப்பன், பேரு கஜபதி, ஊரு ஆவடின்னு எழுதிட்டேன். அந்த நிமிஷம் நெஞ்சை நிமித்திக்கினு உட்கார்ந்திருந்தேன், வெட்கம் கெட்டவன்.

மறுநாள் முந்நூறு பேர் அவங்கவங்க வீட்ல உடைஞ்ச கீலைப் படம் எடுத்துப் போட்டுட்டாங்க. எனக்கு அப்பத்தான் விபரீதம் புரிஞ்சுது. எழுதினதை அழிச்சேன், அதுக்குள்ள எல்லாரும் அதைப் படம் பிடிச்சு வெச்சுட்டான். பயத்துல, நான் சொன்னது பொய், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இன்னொண்ணு எழுதினேன். அது இன்னும் கேடா முடிஞ்சுது. கம்பெனி மிரட்டித்தான் கிழவன் பின்வாங்கறான்னு பாதிப் பேர், இவன் அப்பனே இல்ல, எவனோ வேஷம் போடறான்னு பாதிப் பேர். என் பொண்ணோட சோத்துல மண்ணைப் போட்டது நான், அவங்களுக்கு அது இன்னிக்கும் பட்டிமன்றம். இப்ப அந்த ஆப்பையே போன்லேர்ந்து எடுத்துட்டேன், ஆனா கண்ணை மூடினா அந்த இருநூத்திப் பதினெட்டுதான் தெரியுது.

பால்ராஜ் மாமாகிட்ட மட்டும் சொன்னேன். முப்பது வருஷம் யூனியன்ல என்கூட நின்ன மனுஷன், கேட்டுட்டு, இன்னா கஜா, மூளை கீதா உனக்கு, எத்தினி பேரு விசாரணையில துணைக்கு உட்கார்ந்தே, வாயைத் தொறக்காதேன்னு அவனுங்களுக்குச் சொல்லிக் குடுத்தவன் நீதானேன்னு திட்டினான். அம்மா திட்டக்கூட இல்ல. சாப்பாடு போடறா, காபி வைக்கறா, பேசறது மட்டும் இல்ல. போன வாரம் மழையில நம்ம தெருவுல முழங்கால் தண்ணி, அதுலயும் நான் மாங்காடு அம்மன் கோயிலுக்குப் போறேன்னு கிளம்பிட்டா. உனக்காக ஆறு வாரம் வேண்டியிருக்கா. அவளுக்கு முட்டி வலி, தனியா எப்படி விடறது, பூந்தமல்லி போய் அங்கேர்ந்து ஷேர் ஆட்டோ பிடிச்சு நானும் போனேன். கல்யாணத்துலகூட ஐயர் வேணாம்னு சொன்னவன் நான், வரிசையில எலுமிச்சம்பழத்தைக் கையில வெச்சுக்கினு ஒண்ணரை மணி நேரம் நின்னேன். என்ன வேண்டறதுன்னு தெரியல. என் பொண்ணு என்கிட்ட ஒரு வார்த்தை பேசட்டும்னு மட்டும் சொன்னேன். நம்பிக்கை வந்துச்சான்னு கேட்காதே, எனக்கு வேற போக்கிடம் இல்ல.

டிசம்பர் மூணாம் தேதி விசாரணைன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கே. வேலை போச்சுன்னா விசா என்ன ஆகும், இருக்கற வீடு என்ன ஆகும், ஒண்ணும் புரியாம கிடக்கறோம். நேரா வந்துடலாமான்னு பார்த்தா பாஸ்போர்ட்டே என்கிட்ட இல்ல. விசாரணைக்குப் போறப்போ வயித்தைக் காயப்போட்டுப் போகாதே. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. புரியலன்னா திருப்பிக் கேளு, அவசரப்பட்டு எதுலயும் கையெழுத்துப் போடாதே. அழுகை வந்தா தண்ணி கேட்டு வாங்கிக் குடி, அது தப்பில்ல. எப்படிச் சுத்தினாலும் அவங்க கேட்கப்போறது ஒரே கேள்விதான், உங்க அப்பாகிட்ட இதை நீ சொன்னியா. சொன்னேன்னா வேலை போச்சு. சொல்லலன்னு நீ வாயால பொய் சொல்ல மாட்டே, உன்னை எனக்குத் தெரியும்.

அதனால இதோட ஒரு வாக்குமூலம் வெச்சிருக்கேன். பூந்தமல்லி கோர்ட் பக்கத்துல ஒரு வக்கீல்கிட்ட கொடுத்து இங்கிலீஷ்ல டைப் அடிச்சு, நோட்டரி முத்திரை வாங்கி, ரெண்டு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்கேன். வீட்டு ஷோகேஸ்ல இருந்த பெட்டியைப் பார்த்து கீலோட கோளாறை நானே கண்டுபிடிச்சேன், அதை வெச்சு கம்பெனி மூடின காரணத்தை நானே ஊகிச்சுக்கிட்டேன், என் மகள் இதைப் பத்தி என்கிட்ட எந்தக் காலத்துலயும் கேட்கவும் இல்ல, சொல்லவும் இல்லன்னு எழுதியிருக்கு. இருபத்திரெண்டு விசாரணையில தொழிலாளிக்குத் துணையா உட்கார்ந்திருக்கேன், ஒருத்தனையும் பொய் எழுத விட்டது இல்ல. வக்கீல் படிச்சுக் காட்டிட்டு எல்லாம் சரிதானே பெரியவரேன்னாரு. சரின்னு தலையாட்டிட்டேன். ஆட்டினேனே தவிர பேனா கையில ஓடவே இல்ல. பொய் சொல்றோமேன்னு இல்ல கனி. நீ அந்தக் கீலை என் உள்ளங்கையில வெச்சு ஏன்ப்பான்னு கேட்டியே, என் வாழ்க்கையில எனக்குக் கிடைச்ச மரியாதை அது ஒண்ணுதான். அது நடக்கவே இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்.

இதைக் கொடுக்கறதும் கிழிக்கறதும் உன் இஷ்டம், நான் ஏன்னு கேட்க மாட்டேன். எங்க இருந்தாலும் நல்லா இரு, நூறு வயசு இரு, உன் கைவேலைக்கு ஒரு குறையும் வராது. மூணாம் தேதி ஸ்வெட்டர் போட்டுக்கினு போ, அம்மா சொல்லச் சொன்னா. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நேத்து அவ என்கிட்ட வாயைத் திறந்தா.

இப்படிக்கு,
உன்கிட்ட பேச வாயில்லாம நிக்கற அப்பா,
கஜபதி