தொட்டிகள் போன மொட்டைமாடி

செவ்வாய், இரவு

அப்பாவின் சிறுநீரகத்துக்குத் தக்காளி ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் மொட்டைமாடியில் நான் தொட்டியில் வளர்க்கும் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போதெல்லாம் பழத்தைப் பறித்துத் தின்றுவிடுகிறார். இன்று மத்தியானம் அவர் தூங்கும்போது தொட்டிகளை எல்லாம் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் வாளியோடு மேலே போனவர் அதே தண்ணீரோடு இறங்கி வந்தார்.

"செடிங்க எங்கம்மா?"

"குரங்குங்க வந்து எல்லாத்தையும் உடைச்சிடுச்சுப்பா. அள்ளிக் கொட்டிட்டேன்."

அப்படியே நம்பிவிட்டார். ராத்திரி இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தாரே தவிர சாப்பிடவில்லை. உண்மையைச் சொல்லிவிட நான் வாயெடுப்பதற்குள் அவரே பேசினார்.

"நான் முழிச்சிருந்தா வெரட்டியிருப்பேன். வேற செடி வைம்மா. இனிமே மத்தியானத்துல தூங்கமாட்டேன்."

சரிப்பா என்றேன்.