பன்னிரண்டு வீல் ஹப்

பிப்ரவரி 12, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர், கம்பெனிக்கு வந்த விருந்தாளிகளைக் கடலுக்கு மீன் பிடிக்க அழைத்துப் போகிறார். தூண்டில் சாமான் தேர்ந்தெடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார். கடலில் கால் நனைத்ததைத் தவிர எனக்கு என்ன தெரியும்? மூன்று நாள் வீடியோ பார்த்துத்தான் ராடு, ரீல், நரம்பு, போலி மீன் எல்லாம் நான்கு செட் எழுதிக் கொடுத்தேன். ஓடும் படகுக்குப் பின்னால் நான்கும் இழுபட்டு வரும். இரண்டு மட்டும் கனம் கட்டி ஆழத்துக்குப் போகும்.

இன்று, தேறாத சாமானைப் பூட்டி வைக்கும் ரிஜெக்ட் கூண்டில் பன்னிரண்டு வீல் ஹப்பைக் காணவில்லை. விரிசல் பார்த்து நானே சிவப்புப் பெயிண்ட் அடித்து உள்ளே வைத்தவை. சாவி ஸ்டோர் முருகன் அண்ணனிடம் இருக்கிறது. அவரைக் கேட்டேன்.

"இன்னாம்மா, போலீஸ் மாதிரி எண்ணிக்கினு கீற? தூண்டிலுக்கு கனம் கட்ட சார்தான் எடுத்தாரு."

"பன்னெண்டுமா, அண்ணா? ஆழத்துக்குப் போறது ரெண்டுதானே?"

"மீனு பெரிசும்மா. நீ கையெழுத்த போடு."

அவர் நீட்டிய தாளில், பன்னிரண்டும் ஸ்கிராப்பில் போனதாக இருந்தது. அவர் கையில் தின்னர் வாசனை. தின்னரில் துடைத்தால் சிவப்புப் பெயிண்ட் போய், நல்ல ஹப் மாதிரி ஆகிவிடும். அறுந்தால் மாற்ற இரண்டு என்று வைத்தாலும் நான்கு போதும். மீதி எட்டு எங்கே?

தலைவலி என்று சொல்லி, கையெழுத்துப் போடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

நாளை காலை எட்டு மணிக்கு, விற்ற ஹப் பெட்டிகளோடு லோடு கிளம்புகிறது. அந்த ஹப் யார் வண்டிச் சக்கரத்தில் போய் உட்காருமோ. முதல் ஷிப்ட் பஸ்ஸில் போய்ப் பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும். யார் திறக்கச் சொன்னது என்று மேனேஜரே கேட்டாலும், அப்போது என் குரல் வெளியே வர வேண்டும்.